பின் கேட்டைத் திறந்துவிடுங்கள், ஐயா

ஒரகடம் குடோன் மேலாளர் ஐயாவுக்கு, உங்கள் யார்டுக்கு லோடு கொண்டுவரும் டிரெய்லர் ஓட்டுநர் ஒருவன் எழுதுவது. வணக்கம்.

சரக்கு ஏற்றி இறக்கும் மேடையான டாக்கின் சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் படித்தோம். மேடை விளிம்பு ரப்பரையோ தூணையோ இடித்தால் செலவை ஓட்டுநரிடம் பிடிப்பீர்களாம். சரி. மூன்றாம் டாக்கில் ரப்பர் கிழிந்ததற்கு எங்கள் பையன் ஒருவனின் பேட்டாவில் ஏற்கெனவே கை வைத்தாயிற்று. பின் கேட்டை மூடுவதற்கு முன்னால் அந்த ரப்பர் எப்படி இருந்தது என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முன்பு பின் கேட் வழியாக நுழைந்து, கோயிலை வலம் வருவதுபோல் கட்டடம் வலப்பக்கம் இருக்கச் சுற்றி வருவோம். நம் வண்டியில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். ரிவர்ஸில் ஜன்னல் வழியே தலையை நீட்டினால் கடைசி டயர் வரை கண்ணில் படும். இப்போது முன் கேட்டில் விடுகிறீர்கள், டாக் இடப்பக்கம் வருகிறது. 40 அடி கன்டெய்னரின் வாலை இடப்பக்கம் தள்ள ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். அது தொழில், கை பழகிவிட்டது. ஆனால் வண்டி மடங்கியதும் இடது மிரர் முழுக்கக் கன்டெய்னர் தகரம்தான். வலது மிரரில் காலி யார்டு. வலது பின்மூலை இரண்டிலும் இல்லை, உங்கள் தூண் நிற்பதோ சரியாக அந்த மூலையில். இன்னும் கொஞ்சம் கூடுதலாக மடக்கினால் கேபினே டிரெய்லரில் முட்டும். முன்னால் எடுத்து நேராக்கலாம் என்றால் அங்கே பேலட்டை அடுக்கி, ஓரத்தில் பைக்குகளையும் நிறுத்தியிருக்கிறீர்கள்.

அதனால் இறங்கிப் பார்க்கிறோம், ஏறி ஓரடி தள்ளுகிறோம், மறுபடி இறங்குகிறோம். பின்னால் நிற்கிறவன் ஹாரனில் கை வைத்தால் எடுப்பதில்லை. பல வண்டிகளில் இப்போது கிளீனரும் கிடையாது. ராத்திரியில் செக்யூரிட்டி அண்ணன்தான் பாவம், டாக்குக்கும் வண்டிக்கும் நடுவில் நின்று "வரலாம், வரலாம்" என்கிறார். குரல் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. ரப்பருக்கு விலை போட்டுவிட்டீர்கள். அவருக்கு ஒன்று ஆனால் எந்தக் கணக்கில் பிடிப்பீர்கள்?

பின் கேட்டைத் திறந்தால் இதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். அங்கே போட ஆள் இல்லை என்று காரணம் சொல்கிறார்களாம். அறிவிப்பு அச்சடித்து லேமினேஷன் போட மட்டும் ஆள் இருக்கிறது.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று அரசு உத்தரவு. நல்ல காரியம். உங்கள் வாசலில் மணிக்கணக்கில் குளுகுளுவென்று காத்திருக்கலாம், ஒண்ணுக்குப் போகத்தான் இடமில்லை. கழிப்பறைக் கதவில் "ஊழியர்களுக்கு மட்டும்" என்று பூட்டு. உங்கள் சரக்கைக் கொண்டுவந்து சேர்க்கிறவன் யாருடைய ஊழியன் என்று எனக்கும் விளங்கவில்லை. அது இருக்கட்டும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன்.

பணிவாகக் கேட்பது இதுதான்: பின் கேட்டைத் திறந்துவிடுங்கள். நாள் முழுக்க முடியாது என்றால் டிரெய்லர் வருகிற நேரத்துக்காவது திறக்கட்டும். அதுவரை பேலட்டையும் பைக்கையும் அப்புறப்படுத்தி, டாக் மேல் ஒரு விளக்குப் போடுங்கள். எங்கள் மிரரில் தெரிகிற இடமாக நின்று சைகை காட்ட ஒருவரைப் பழக்குங்கள். பையனிடம் பிடித்த பேட்டாவையும் இந்த மாதக் கணக்கிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
உங்கள் யார்டுக்கு வரும் டிரெய்லர் ஓட்டுநர்