ஆரியங்காவு டீக்கடையில் பார்த்த சேட்டனுக்கு

செங்கோட்டையில் ஆபீஸிலும் சரி, வீட்டிலும் சரி, எனக்குப் பெயர் 'கத்தி அண்ணன்'. பார்சல் பிரிக்க, ஸ்குரூ முடுக்க, முள் எடுக்க, எல்லாவற்றுக்கும் என் சட்டைப்பையைத்தான் தேடுவார்கள். சிவப்புப் பிடி விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தி; இடுக்கி, ஸ்குரூ டிரைவர் எல்லாம் பிடிக்குள்ளேயே. 1897-ல் சுவிட்சர்லாந்தில் பதிவான அதிகாரிகள் கத்தியின் வாரிசு. (மனைவியிடம் இந்த வரலாறு எடுபடவில்லை.)

போன மாதம் புனலூரில் அக்கா வீட்டில் பலாப்பழம். கத்தி மாமாதான் வெட்ட வேண்டும் என்று பிள்ளைகள் அடம். பிசின் கீலுக்குள் இறங்கி, கத்தி பாதி மடங்கியபடி இறுகிவிட்டது. துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆரியங்காவில் டீ சொல்லிவிட்டு மறுபடி அதோடு மல்லுக்கட்டினேன்.

நீங்கள் எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டினீர்கள், அவ்வளவுதான். கடைக்காரரிடம் தேங்காயெண்ணெய் வாங்கி, கீலில் இரண்டு சொட்டு விட்டு, அலகை மயிரிழை மயிரிழையாக அசைத்தீர்கள். பிடிக்குள் இருந்த சின்ன இடுக்கியை எடுத்து, கறுத்த நாரை உருவினீர்கள். 'டக்'கென்று மடங்கியது! அப்புறம் உங்கள் பையிலிருந்து சாணைக்கல் வந்தது. பக்கத்தில் சாக்கில் சுற்றிய பால்வெட்டுக் கத்தி. ரப்பர் மரத்தில் கட்டை காயப்படாமல் பட்டையை மட்டும் சீவுகிற கை; என் கத்தியின் கூர் உங்களுக்குப் பொறுக்கவில்லை போல. நான் தீட்டினால் ஒருநாளும் அந்தக் கூர் வந்ததில்லை.

காசு எடுப்பதற்குள் தென்மலை பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். என் டீக்கும் நீங்களே கொடுத்துவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். நன்றி சேட்டா. செங்கோட்டைப் பக்கம் வந்தால் பஸ் ஸ்டாண்டில் 'கத்தி அண்ணன்' என்று கேளுங்கள், டீ என் கணக்கு.