மிகுபுனைவுப் பிரதிகளை ஆடியிலேயே கேட்டு வாங்குங்கள்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரங்களில் நாவல் பிரதிகளைச் செம்மையாக்கி மெய்ப்புப் பார்க்கும் வேலையில் இருக்கிறவர்கள் இதை எழுதுகிறோம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களை ஆசை ஆசையாக எழுதுகிறார்கள். பூதம், பாதாள நகரம், பேசும் நதி, பல தலைமுறைச் சாபம். பெரும்பாலும் மூன்று பாகம் என்று திட்டம். முதல் பாகம் முக்கால்வாசி முடிந்திருக்கும். மூன்றாம் பாகத்தின் கடைசிக் காட்சி மட்டும் எழுதி வைத்திருப்பார்கள். நடுப்பாகம் மனசில்தான் இருக்கும். அந்த நிலையிலேயே உங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பதில் வருவதில்லை. வந்தாலும் 'இது நம்ம வாசகர்களுக்கு ஒட்டாது' என்று ஒரு வரி.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மிகுபுனைவுப் பிரதி எப்படி இருக்க வேண்டும், எந்த மாதத்துக்குள் வர வேண்டும், எத்தனை நாளில் பதில் சொல்வீர்கள் என்பதை ஒரே ஒரு பக்கத்தில் அறிவித்துவிடுங்கள்.

'ஒட்டாது' என்பதை முதலில் பேசிவிடலாம். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்து மன்றங்கள் ஐந்து வருகின்றன. வெள்ளிடை மன்றம், களவாடியவனைச் சுமையோடு கழுத்து நோகச் சுற்ற வைக்கும். இலஞ்சி மன்றத்துப் பொய்கை கூனையும் ஊமையையும் தீர்க்கும். நெடுங்கல் மன்றம் நஞ்சுண்டவரைக் காக்கும். பூத சதுக்கத்துப் பூதம் பொய்ச்சாட்சி சொன்னவரைக் கயிற்றால் கட்டித் தின்னும். பாவை மன்றத்துப் பாவையோ, செங்கோல் வளைந்தால் வாய் பேசாமல் கண்ணீர் விடும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆற்றல், ஓர் எல்லை. பாவையால் அழ மட்டுமே முடியும், அரசனைத் தண்டிக்க முடியாது. அதனால்தான் அந்த அழுகை நெஞ்சில் நிற்கிறது. பூம்புகார் மண்ணிலிருந்து எழுத வருகிறவரிடம் 'ஒட்டாது' என்று சொல்லாதீர்கள். 'உன் மாயத்துக்கு எல்லை எது?' என்று கேளுங்கள். பாதிப் பிரதிகள் அந்தக் கேள்விக்குத்தான் தடுமாறுகின்றன. நாயகன் மாட்டிக்கொள்ளும் போதெல்லாம் புதிதாக ஒரு வரம் முளைத்துவிடுகிறது.

அந்த அறிவிப்பில் நான்கு பொருளைக் கேளுங்கள்: முதல் 50 பக்கம், இரண்டு பக்கக் கதைச் சுருக்கம், பெயர்ப் பட்டியல், கதை உலகத்துக்கு வரைபடம் இருந்தால் அது. சுருக்கத்தில் முடிவையும் சொல்லியாக வேண்டும் என்று அழுத்தி எழுதுங்கள். முடிவை ஒளித்து வைத்தால்தான் ஆர்வம் வரும் என்று நினைக்கிறார்கள். முடிவு தெரியாத பிரதியை எடை போட முடியாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. முதல் பாகம் முழுதாக முடிந்திருக்க வேண்டும், தனியாகப் படித்தாலும் நிறைவு தர வேண்டும். அடுத்த பாகங்களுக்குத் தலா ஒரு பக்கச் சுருக்கம் போதும்.

பெயர்ப் பட்டியல் ஏன் இவ்வளவு முக்கியம்? சமூக நாவலில் துணைக்காலுக்குப் ('ா') பதில் 'ர' விழுந்திருந்தால் பிழை என்று உடனே தெரியும். மிகுபுனைவில் அது புதுப் பெயரா பிழையா என்று மெய்ப்புப் பார்ப்பவரால் சொல்ல முடியாது. பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் இன்னும் மோசம். ஆகவே ஒவ்வொரு பெயருடனும் உருபு சேர்ந்த வடிவத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். 'கர்வெத்' என்று ஓர் ஊர் இருந்தால் 'கர்வெத்தை'யா, 'கர்வெதை'யா? முதல் அத்தியாயத்தில் ஒன்று, இருபதாவதில் இன்னொன்று என்று வராத பிரதி அபூர்வம்.

பெயரை நடுவில் மாற்றுகிறவர்களுக்கு வரும் கேடு தனி. கோப்பில் 'ஆழிமரம்' என்று தேடினால் 'ஆழிமரத்தை', 'ஆழிமரத்தில்' எதுவும் சிக்காது; 'ஆழிமர' என்று தேட வேண்டும். ஆனால் அதே முறையில் மாறன் என்ற பாத்திரத்தை வேழன் ஆக்க 'மாற' என்பதை மொத்தமாக மாற்றினால், 'ஏமாற்றம்' எல்லாம் 'ஏவேழ்றம்' ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வரைபடத்தில் ஆறுகளைப் பாருங்கள். மலையில் ஆறுகள் சேரும், படுகையில் பிரியும். கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிந்து, அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று கிளைப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் கதையின் மலைநாட்டிலும் ஆற்றைப் பிரித்துவிடுகிறார்கள். நாள்கணக்கும் அப்படித்தான். குறுவைக்கு நாற்று விடும்போது கிளம்பிய வீரன் அறுவடைக்குத் திரும்பினால் ஏறக்குறைய 110 நாள் கழிந்திருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் பிரதியில் மூன்று வாரம்தான் ஆகியிருக்கும்.

அச்சுக்கு, வரைபடம் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியமாக 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) வேண்டும். ஏ4 தாளில் வரைந்ததை டெமி என்கிற வழக்கமான நாவல் அளவுக்குச் சுருக்கினால் ஊர்ப்பெயர்கள் எறும்பாகிவிடும். இரண்டு பக்கத்தில் விரித்துப் போடும்போது நடுவில் அரை அங்குலம் காலியாக விடாவிட்டால், தலைநகரம் தையலுக்குள் போய்விடும்.

பக்கக் கணக்கையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். டெமியில் பக்கத்துக்கு 210 சொல் என்று வைத்தால் ஒரு லட்சம் சொல் 480 பக்கம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் 16 பக்க ஃபாரம் முப்பது. விலையைப் பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் மூன்று பாகம் 1,440 ரூபாய். இது தெரிந்தால் எழுதுகிறவர்களே 70,000 சொல்லுக்குள் நிறுத்தப் பார்ப்பார்கள்.

இந்த அளவுப் பிரதியைச் செம்மையாக்க ஆறு வாரம், இரண்டு சுற்று மெய்ப்புக்கு மூன்று வாரம், பக்க வடிவமைப்புக்குப் பத்து நாள், எழுத்தாளர் திருத்தித் தர ஒரு மாதம். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருகிறது. கார்த்திகையில் பிரதி வாங்கி மார்கழியில் அச்சுக்கு அனுப்பும் வழக்கத்தால் முதலில் பலியாவது மிகுபுனைவுதான். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன ஊர்க்காரர்கள் நாங்கள். பிரதியையும் ஆடிக்குள் கேளுங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். முதல் பாகத்துக்குப் போட்ட கையெழுத்து மற்ற பாகங்களையும் அந்தக் கற்பனை உலகத்தையும் சேர்த்து வளைத்துப் போடக்கூடாது. தேவைக்கேற்ப அச்சடிக்கும் முறையில் எத்தனை படி போனது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் கொடுங்கள். எழுத்தாளரிடம் பணம் வாங்கித்தான் அச்சிடுவீர்கள் என்றால், அதையும் அந்த அறிவிப்பின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

சித்திரைக்குள் அந்த ஒரு பக்கம் வந்துவிட்டால், இங்கே முக்கால்வாசியில் நிற்கும் முதல் பாகங்களை முடிக்க மூன்று மாதம் கிடைக்கும்.

இப்படிக்கு,
காவிரிப் படுகையில் நாவல் பிரதிகளைச் செம்மையாக்கும் சிலர்