மூன்றாவது சிலிண்டர்

மண்டபம்
ஞாயிறு காலை

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நம் பழைய அம்பாசடர் காரைப் பற்றிப் புதன்கிழமை போனில் நீ சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. "இன்ஜினே போச்சுன்னு மெக்கானிக் சொல்லிட்டாருல்ல, எடைக்குப் போட்டுடுங்கப்பா" என்றாய். போனில் பதில் சொன்னால் இரண்டு பேரும் சத்தம்தான் போடுவோம் என்று எழுதுகிறேன். இன்ஜின் போகவில்லை பாப்பா. அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ராமநாதபுரத்தில் அந்த ஒர்க்‌ஷாப்காரர் ஒரு பிளக்கைக்கூடக் கழற்றவில்லை. சத்தத்தைக் கேட்டார், "ரிங் தேஞ்சுபோச்சு, போர் பண்ணி நாலு பிஸ்டனும் மாத்தணும்" என்றார். எனக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்த வண்டி நீலப்புகை கக்கும், ஆயில் குடிக்கும். நம்மது குடிக்கவில்லை. அதோடு, இன்ஜினைக் கையால் சுற்றுகிற ஹேண்டில் ஒரு கதை சொன்னது. சின்னப்பிள்ளையில் நீ படியில் உட்கார்ந்து எண்ணுவாயே, ஹேண்டிலை இரண்டு சுற்றுச் சுற்றினால் நாலு தடவை இடிக்கிறது என்று! இப்போது மூன்று தடவை கெட்டியாக இடிக்கிறது, ஒரு தடவை மட்டும் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. தேய்மானம் என்றால் நாலும்தானே தளர வேண்டும்?

லாஞ்சு இன்ஜின் பார்க்கிற தம்பியிடம், சிலிண்டருக்குள் எவ்வளவு அமுக்கம் வருகிறது என்று காட்டும் கேஜ் கேட்டேன். அது டீசல் கேஜ், 1000 பவுண்டு வரை ஓடுவது. பெட்ரோல் இன்ஜினின் நூற்றுச்சொச்சம் அதில் ஓரத்திலேயே நின்றுவிடும், ஐந்து பத்து வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மதுரையிலிருந்து பெட்ரோலுக்கான கேஜ் வரவழைத்தேன்.

வியாழக்கிழமை இன்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டு நிறுத்தினேன். பிளக்கைக் கழற்றும் முன் சைக்கிள் பம்பால் ஒவ்வொரு பிளக்கையும் சுற்றி ஊதினேன். கச்சான் காற்று அள்ளிக்கொண்டு வந்த மணல் அரைக்கைப்பிடி இருக்கும். அது உள்ளே விழுந்திருந்தால் நல்ல சிலிண்டரையும் கீறிவைத்திருக்கும். பிறகு நாலு பிளக்கும் வெளியே, காயில் ஒயரும் கழற்றியாச்சு. அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டாள். மிதிக்காவிட்டால் காற்று முழுசாக உள்ளே போகாது, அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு அமுக்கு வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டோம்.

ஒன்று 125. இரண்டு 120. மூன்று 80. நாலு 125.

மூன்றாவதை மறுபடி பார்த்தேன், அதே 80. நம்முடைய 1974 மார்க் 2, பழைய 1489 சிசி இன்ஜின். அதற்கு 120-ஐ ஒட்டி நின்றாலே நல்ல ஆரோக்கியம். ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பிறகு மூன்றாவதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு அளந்தேன். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும், முள் விறுவிறுவென்று ஏறும். 84-க்கு மேல் ஏறவில்லை. எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழும், அதுவும் இல்லை.

ஒரு பழைய பிளக்கைக் குடைந்து டியூப் வால்வைப் பற்றவைத்து, மூன்றாவது பிஸ்டனை அமுக்கின் உச்சியில் நிறுத்தி, டாப் கியர் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்து, பஞ்சர் கடைக் கம்ப்ரஷரால் காற்று ஏற்றினேன். கார்புரேட்டரில் காது வைத்தேன், சத்தம் இல்லை. ஆயில் மூடியில் இல்லை. ரேடியேட்டரில் குமிழி இல்லை. பின்னால் போய்க் குனிந்தால் சைலன்சர் 'உஸ்' என்று மூச்சு விடுகிறது. புகையை வெளியே விடுகிற எக்ஸாஸ்ட் வால்வு!

நேற்று ஹெட்டை இறக்கினேன். வால்வின் விளிம்பில் எலி கடித்த மாதிரி ஒரு வெட்டு, சுண்டுவிரல் நகத்தில் பாதி. அதைச் சுற்றி வெள்ளையாக வெந்துபோயிருக்கிறது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல்தான். ஊர் மூச்சுக்கு அது நல்லது. ஆனால் இந்தப் பழைய இன்ஜினில் வால்வுக்கும் அது உட்காருகிற சீட்டுக்கும் நடுவே மெத்தையாக இருந்தது அந்த ஈயம்தான். அது போனதும் சீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, வால்வு மேலே ஏறி, வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே விடுகிற டாப்பெட் இடைவெளி இறுகிவிடுகிறது. வால்வு முழுசாக மூடாது. சீட்டில் ஒட்டி உட்கார்ந்தால்தான் வால்வு தன் சூட்டை இறக்கிவைக்க முடியும், உட்காராத வால்வு வெந்துபோகும். இந்த இன்ஜினில் நடு இரண்டு சிலிண்டருக்கும் புகை போக ஒரே வழி, அதனால் அங்கே சூடும் அதிகம். நான் டாப்பெட்டை அடிக்கடி பார்த்திருக்க வேண்டும். இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. அது என் தப்பு.

உப்புக்காற்றில் தரைத்தகடு அரித்திருப்பது உண்மைதான், அதை ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். 1988-இல் பாம்பனில் ரோட்டுப் பாலம் திறந்த பிறகு எத்தனை ஆயிரம் பேரைக் கோயிலுக்குக் கொண்டுபோய் விட்ட வண்டி! அளந்துகூடப் பார்க்காமல் அதை எடைக்குப் போட எனக்கு மனசு வராது, நீயும் போடச் சொல்லாதே.

உன்னால் ஒரு உதவி ஆக வேண்டும். சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் மார்க் 2 பெட்ரோலுக்கு எக்ஸாஸ்ட் வால்வு நாலு, ஹெட் கேஸ்கெட் ஒன்று, கெட்டி இரும்பில் வால்வு சீட் நாலு வாங்கு. டீசல் அம்பாசடர் சாமானைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஏமாறாதே. மாதிரிக்கு அந்தக் கருகின வால்வை இன்று ராத்திரி பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். தண்டின் நீளமும் தலையின் அகலமும் வைத்துப் பார்த்து வாங்கு. காலையில் ஏழு மணிக்கு முன்னால் கிளாம்பாக்கத்துக்குப் போய்விடு, கண்டக்டர் காத்திருக்க மாட்டார்.

அப்பா