புளுகுக்கு எதற்கு நீதி?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரையாண்டு விடுமுறை நெருங்கினால் சிறுவர் பக்கங்களில் அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு கதைகள் தலைகாட்டும். நல்ல விஷயம்தான். ஆனால் பல கதைகள் பாதியிலேயே படுத்துவிடுகின்றன. புளுகு போதாமல் அல்ல, மிஞ்சிப்போய்!

ஒரு கதைக்கு ஒரே புளுகு. மற்றதெல்லாம் அப்பட்டமான உண்மை. 1785-இல் இங்கிலாந்தில் அச்சான மன்ச்சாசன் பிரபு கதையைப் பாருங்கள். ரஷ்யா போகும் வழியில், பனிவெளியில் தெரிந்த முளையில் குதிரையைக் கட்டிவிட்டுத் தூங்குகிறார். விடிந்தால் பனி உருகிவிட்டது; குதிரை மாதா கோயில் கோபுர உச்சியில் தொங்குகிறது. கடிவாளத்தைத் துப்பாக்கியால் சுட்டு அறுத்து, குதிரையை இறக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அதில் புளுகு, பனியின் ஆழம் மட்டும்தான்.

நம் பிள்ளைகளுக்கு ஊட்டி உறைபனியே போதும். வானம் தெளிந்து, காற்று அசையாத இரவில் புல்லும் பைக் சீட்டும் வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறினால் கரையும். இதில் ஒரு புளுகு: பேச்சும் உறைகிறது. (பழைய சரக்குதான். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கே இதை இன்னொருவர் சொன்ன வேடிக்கையாகத்தான் எழுதுகிறார்.) ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவில் விடியற்காலை பாட்டி "எந்திரிடா!" என்று கத்துகிறாள். சத்தம் வரவில்லை, வாசலில் 'டங்'கென்று ஏதோ விழுகிறது. முறத்தில் அள்ளினால் மூன்றே முக்கால் படி. ஒரு பிடியை வாணலியில் வறுத்தால் "...ரிடா" மட்டும் வருகிறது. ஒன்பது மணிக்கு வெயில் பட்டதும் தெருவிலுள்ள எல்லாப் பாட்டிகளின் திட்டும் ஒரேயடியாக உருக, எதிர்வீட்டுத் திட்டுக்கு இந்த வீட்டுப் பையன் எழுந்து பல் தேய்க்கிறான்.

'நிறையப் பேச்சு' என்றால் எவனும் சிரிக்க மாட்டான். அந்த முக்கால் படிதான் சிரிக்க வைக்கும். இடையில் பேசும் கரடியை நுழைத்தால் கதை காலி. எதுவும் நடக்கலாம் என்றாகிவிட்டால் அப்புறம் எதற்கு வியப்பு? "அதெப்படி?" என்று குழந்தை மடக்கினால் விளக்கம் சொல்லக் கூடாது. "எண்ணெய் விடாமல் வறுக்கணும்" என்று இன்னொரு சின்ன விவரம் கொடுத்தால் போதும். சொல்பவர் முகத்தில் சிரிப்பு எட்டிப்பார்க்கவே கூடாது.

ஒரே வேண்டுகோள். இத்தனை பாடுபட்ட கதையின் அடியில் 'நீதி: பொய் பேசாதே' என்று கட்டம் கட்டாதீர்கள். அதே கட்டத்தில் நாலு வரி வெற்றிடம் விடுங்கள். மிச்சப் புளுகைப் பிள்ளைகள் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
குழந்தைகளுக்குக் கதை சொல்லும் சிலர்,
குன்னூர்.