குழாயடிக் குழி மூடப்பட்டது: எங்கள் ஊருக்கு ஒரு நன்றி மடல்

அன்பான ஊராருக்கு, கிழக்குத் தெரு மகளிர் குழுவின் வணக்கம்.

அக்டோபர் 2 கிராம சபையில் குழாய் வேலையின் செலவுக் கணக்கை வாசித்து முடித்ததும், யாராவது பேச விரும்புகிறீர்களா என்று தலைவர் கேட்டார். நான் எழுந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. "எல்லோருக்கும் நன்றி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்கு நடந்தது தெரிந்தால் போதும்.

எங்கள் தெருவில் 38 வீடுகள். மேல்நிலைத் தொட்டி ஊரின் மேற்குக் கோடியில் நிற்கிறது, நாங்கள் கிழக்குக் கோடியில் இருக்கிறோம். நாங்கள் ஏன் அந்தக் கோடியில் இருக்கிறோம் என்பதை ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் மூன்று தெருக்களைத் தாண்டித்தான் எங்களிடம் வர வேண்டும். வழியிலுள்ள குழாய்கள் எல்லாம் திறந்திருந்தால் கடைசியில் அழுத்தம் இருக்காது. ஆகவே தரைக்குக் கீழே இடுப்பளவு குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கி, நாங்களும் இறங்கித் தண்ணீர் பிடித்தோம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மறுநாள் விடியற்காலை என் மாமியார் என்னை அழைத்துப் போய்க் காட்டிய இடம் அந்தக் குழி. 22 ஆண்டுகள் அதில் இறங்கி ஏறியிருக்கிறேன். வயிற்றில் பிள்ளையோடும் இறங்கியிருக்கிறேன். மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் அதில்தான் வந்து தேங்கும். தொட்டியை அடைத்த பிறகு காலியாகும் குழாய் அந்த அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் குழாயைத் திறந்தால் முதலில் வருவது அதுதான்.

இதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். சொன்னோம். ஆனால் சொல்ல வேண்டிய இடத்தில் நின்று சொல்லவில்லை. முன்பெல்லாம் கிராம சபை கோயில் மண்டபத்தில் நடக்கும். எங்கள் தெருப் பெண்கள் சாலையோரம் நின்று பார்த்துவிட்டு, பிற்பகலில் வீட்டுக்கு வரும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவோம். என்ன தீர்மானம் என்று கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை.

ஆகவே என் முதல் நன்றி எங்கள் வார்டு உறுப்பினர் அக்காவுக்கு. மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் கிராம சபை நடத்தக் கூடாது, குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்று அரசு அறிவிப்பிலேயே இருக்கிறது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மூன்று முறை ஊராட்சி அலுவலகத்துக்கு நடந்தார். ஜனவரி 26 கூட்டம் எங்கள் தெரு அங்கன்வாடி முன்னால் நடந்தது. நாற்காலி போதவில்லை. மேற்குத் தெருவிலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் வீட்டுப் பாய்களை விரித்தோம், அவர்கள் உட்கார்ந்தார்கள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குச் சொல் இல்லை.

ஊராட்சிச் செயலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும். பதினொன்றரை மணிக்கு 70 பேர்கூட இல்லை. மீதிக் கையெழுத்தை வீடு வீடாகப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு குரல் எழுந்தது. அவர் பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "ஆட்கள் வரட்டும், காத்திருப்போம்" என்றார். பள்ளிப் பெண்கள் நான்கைந்து பேர் தெருத் தெருவாக ஓடி ஆட்களைக் கூட்டி வந்தார்கள். பன்னிரண்டேகாலுக்குக் கூட்டம் தொடங்கியது. முடிவில் ஒவ்வொரு தீர்மானத்தையும் அவர் உரக்கப் படித்த பிறகுதான் கையெழுத்து வாங்கினார். எங்கள் தீர்மானத்தில் "குடிநீர் வசதி மேம்பாடு" என்று பொதுவாக எழுதியிருந்ததை மாற்றி, "கிழக்குத் தெருக் குழாயடிக் குழி" என்று சேர்க்கச் சொன்னோம். சேர்த்தார். அந்த நான்கு சொற்கள் இல்லாமல் போயிருந்தால் அந்தத் தீர்மானம் வேறு எந்தத் தெருவுக்கும் போயிருக்கும்.

டேங்க் ஆபரேட்டர் அண்ணனின் உதவியை நான் எப்படி எழுதுவது? கூட்டத்துக்கு மறுநாள் அவர் எங்களில் ஆறு பெண்களை அழைத்துக்கொண்டு தொட்டியிலிருந்து குழி வரை குழாய்த் தடத்தின் மேலேயே நடந்தார். நிலத்துக்குள் என்ன இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். தண்ணீர் பத்து மீட்டர் உயரத்தில் நின்றால் கீழே சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் இருக்குமாம். குழாய் நீள நீள, உராய்விலேயே அது தேய்ந்துவிடும். குழாய் சிறுத்தால் இன்னும் வேகமாகத் தேயும். எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் குழாய் பாதியாகச் சிறுத்திருந்தது. அந்த 80 மீட்டரையும் மாற்ற வேண்டும், பள்ளிக்கூட முக்கில் பிரியும் இடத்தில் இரண்டு கேட்வால்வு போட வேண்டும், முறைவைத்துத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்றார். புதுத் தொட்டி வேண்டும், புது ஆழ்துளைக் கிணறு வேண்டும் என்றெல்லாம் மனுவில் எழுதிக்கொண்டிருந்தோம். எங்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு வால்வும் கொஞ்சம் குழாயும். இதை அவர் பல ஆண்டுகளாகவே அறிந்திருக்கிறார். அவரிடம் யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்டோம் என்பதற்காக அவர் எங்களுக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை இங்கே அவருக்கே திருப்பிக் கொடுக்கிறேன்.

மே 1 கூட்டம் எளிதாக இல்லை. ஊர் முகப்பில் வளைவு கட்ட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தன் ஊர்ப் பெயர் தலைக்கு மேலே எழுதப்பட்டிருப்பதைப் பார்க்க யாருக்கும் ஆசை இருக்கும். ஆனால் பணம் இல்லை என்று எங்களுக்கும் பதில் வந்தபோது, கல்லூரியில் படிக்கும் எங்கள் தெருத் தம்பி எழுந்தான். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைக்கப்பட்ட தொகை, அதை வளைவுக்குத் தொட முடியாது, குழாய்க்குச் செலவழிக்கலாம் என்று சொன்னான். குரல் நடுங்கியது, ஆனால் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினான். பணத்தைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

பிறகுதான் பெரிய எதிர்ப்பு வந்தது. மேற்குத் தெருப் பெரியவர் ஒருவர், "முறைவைத்து விட்டால் எங்களுக்குத் தண்ணீர் குறையும். குறையாது என்று யார் உறுதி சொல்வது? அளந்து காட்டுங்கள்" என்றார். அன்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. இன்று நினைத்தால், அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஊரக வீடுகளுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய பதினைந்து குடம். எங்கள் வீடுகளில் பெரும்பாலும் ஐந்து குடம்தான் கிடைத்தது என்று நாங்கள் சொன்னோம். ஆனால் எழுதிவைத்த கணக்கு எங்களிடம் இல்லை. அந்தப் பெரியவர் கேட்டிராவிட்டால் எழுதத் தொடங்கியிருக்கவே மாட்டோம்.

அடுத்து நடந்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். வால்வு இல்லாமல் முறைவைப்பை எப்படிச் சோதிப்பது என்று எல்லோரும் யோசித்தபோது, நடுத் தெருவிலிருந்து ஒரு அக்கா, "நாங்கள் எங்கள் குழாய்களைக் கையால் அடைத்துவைக்கிறோம். ஒரு வாரம் பாருங்கள்" என்றார். ஏழு நாள். காலை ஆறு மணி முதல் ஆறரை வரை மேற்கு, நடு, வடக்குத் தெருக்களில் தங்கள் வீட்டுக் குழாயைத் தாங்களே மூடிவைத்தார்கள். மோட்டார் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்த வீடுகளும் அந்த ஏழு நாள் மோட்டாரைப் போடவில்லை. யாரும் காவல் நிற்கவில்லை. நாங்கள் இந்தக் கோடியில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றோம். முதல் நாள் ஒன்பது குடம். மூன்றாம் நாள் பதினொன்று. மேற்குத் தெருவில் ஆறரைக்குப் பிறகு பிடித்த அளவையும் அங்குள்ள பெண்களே எழுதினார்கள். ஒரு குடம்கூடக் குறையவில்லை. ஏழாம் நாள் அந்தப் பெரியவர் எங்கள் தெருவுக்கு வந்து, குழிக்குள் குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. இரண்டு நோட்டையும் வாங்கிப் படித்துவிட்டு, "என் கையெழுத்தையும் முதலில் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். ஐயா, உங்களுக்கு எங்கள் தெருவே கடன்பட்டிருக்கிறது. அந்த ஏழு நாள் குழாயை மூடிய ஒவ்வொரு கைக்கும் அதே கடன் உண்டு.

மற்றவை வேகமாக நடந்தன. ஒன்றியத்திலிருந்து பணிமேற்பார்வையாளர் இரண்டு முறை பஸ் பிடித்து வந்து அளந்தார். குழாய்த் தடம் நேராகப் போக வேண்டும் என்றதும், தனியாக வாழும் பாட்டி ஒருவர் தன் கொல்லை வேலியைப் பிரிக்கச் சொன்னார். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை, வேலியைத் திரும்பக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்றார், கட்டிக் கொடுத்தோம். குழாயடி மேடைக்குச் சரிவு வைத்துப் பூசிய கொத்தனாருக்கும் நன்றி. சிந்தும் தண்ணீர் எங்கே போகும் என்று யாருமே யோசிக்காதபோது, தூய்மைக் காவலராக வேலை செய்யும் அம்மாதான் கேட்டார். அவர் சொல்லித்தான் ஒரு மீட்டர் ஆழத்தில் கல்லும் உடைந்த செங்கல்லும் நிரப்பி உறிஞ்சு குழி போட்டோம். தினமும் சாக்கடையை அள்ளுகிறவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் குழுக் கூட்டங்களுக்கு இனி அவரை முதலில் அழைப்போம்.

ஆகஸ்டு 15 அன்று கொடியேற்றிய பிறகு வால்வைத் திறந்தார்கள். தரைக்கு மேலே இரண்டடி உயரத்தில் குழாய். என் மாமியாருக்கு இப்போது 74 வயது. அவரைத்தான் முதல் குடம் பிடிக்கச் சொன்னோம். பழக்கத்தில் கீழே இறங்கக் காலை நீட்டினார், பிறகு நின்றுவிட்டார்.

அக்டோபர் 2 அன்று செலவுக் கணக்கை வரவு, செலவு, மீதி என்று வரிவரியாகப் படித்தது எனக்கு உத்திரமேரூரை நினைவூட்டியது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளைப் பள்ளியில் படித்திருக்கிறேன். வாரியம் என்ற ஊர் நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் குடவோலைக்கு நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது என்று அவற்றில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அவ்வளவு கண்டிப்பு. ஆனால் அதே கல்வெட்டில் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் நிலம் வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. என் வீட்டு மூதாதையர் எவர் பெயரும் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நான் கிராம சபையின் உறுப்பினர். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, யாரும் என்னை நீக்கவும் முடியாது. இதை எனக்குப் புரியும்படி எடுத்துச் சொன்ன ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் என் வணக்கம். ஜனவரி கூட்டத்துக்கு முந்தின இரவு எங்கள் குழுவுக்கு அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பாடம் எடுத்தவர் அவர். அன்று மின்சாரம் போயிருந்தது, நாளை வருகிறேன் என்று அவர் திரும்பிப் போயிருக்கலாம்.

விட்டுப்போனவர்கள் இருப்பார்கள். மைக்செட் வாடகை வாங்காத தம்பி, வேலை நடந்த நாட்களில் தண்ணீர் கொடுத்த வீடுகள், ஓடி ஓடி ஆட்களைக் கூப்பிட்ட பிள்ளைகள். பெயர் சொல்லாததால் மறந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

குடக் கணக்கு எழுதிய இரண்டு நோட்டுகளையும் ஊர் நூலகத்தில் கொடுத்திருக்கிறோம். பக்கத்து ஊர்களில் இதே சிக்கல் உள்ளவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். ஆபரேட்டர் அண்ணன் வந்து தடம் பார்த்துச் சொல்லவும் சம்மதித்திருக்கிறார். வருகிற நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினக் கிராம சபை வடக்குத் தெருவில் நடக்கிறது. சுடுகாட்டுப் பாதைக்கு விளக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்கப்போகிறார்கள். கிழக்குத் தெருவிலிருந்து நாங்கள் எல்லோரும் பத்து மணிக்கே வந்துவிடுவோம். பாய்களையும் கொண்டு வருகிறோம்.

நன்றியுடன்,
கிழக்குத் தெரு மகளிர் சுய உதவிக் குழுவின் சார்பில், அதன் செயலாளர்