எல்லைக்கோட்டின் இரு பக்கத்துக்கும் சேர்த்துத் திட்டமிடப் பணம் ஒதுக்குங்கள்

நிதி ஆணையங்களின் உறுப்பினர்களுக்கும், உள்ளாட்சி மானியங்களுக்கு விதி எழுதும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

அக்கம்பக்கத்து உள்ளாட்சிகள் சேர்ந்து நிலப் பயன்பாட்டுத் திட்டம் போட முன்வந்தால் அதற்கென்றே தனி மானியம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். சாலை, குடிநீர், குப்பை என்று ஒவ்வொன்றுக்கும் மானியம் இருக்கிறது. எது எங்கே வர வேண்டும் என்று பக்கத்து மன்றத்தோடு உட்கார்ந்து முடிவெடுக்கப் பெரும்பாலான இடங்களில் ஒரு கணக்குத் தலைப்பே கிடையாது.

விளைவு எல்லையோரங்களில் தெரிகிறது. மேட்டுப் பகுதியில் உள்ள ஊராட்சி நீர்வரத்து நிலத்தில் மனைப்பிரிவுக்கு அனுமதி தருகிறது. வெள்ளம் கீழே உள்ள நகராட்சிக்குள் புகுகிறது. ஒருவர் வரைபடத்தில் குடியிருப்பு என்று குறித்த இடத்தை ஒட்டியே அடுத்தவர் வரைபடத்தில் தொழிற்சாலைப் பகுதி. குப்பைக் கிடங்குக்கு ஒவ்வொருவரும் தேர்ந்தெடுப்பது தன் எல்லையின் கடைசி மூலையை, அதாவது அடுத்தவர் வாசலை. இதற்கு யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. மன்றம் தன் வாக்காளருக்குத்தான் பதில் சொல்கிறது. சிறிய உள்ளாட்சிகளில் நகரமைப்பாளர் என்று ஒருவர் இருப்பதே அபூர்வம்.

சரி, பணம் எதற்குப் போக வேண்டும்? இதில்தான் உங்கள் கவனத்தை மிகவும் கேட்கிறேன். ஆலோசனை நிறுவனத்திடம் ஒரு அறிக்கை எழுதி வாங்கி அலமாரியில் வைப்பதற்கு மானியம் தேவையில்லை. முதல் தவணை ஆட்களுக்குப் போகட்டும். சேர்ந்திருக்கும் எல்லா மன்றங்களுக்கும் பொதுவாக ஒரு நகரமைப்பாளர், ஒரு வரைபட வல்லுநர், இருவருக்கும் குறைந்தது ஐந்தாண்டுச் சம்பளம். அடுத்தது, எல்லை தாண்டி ஓடும் வாய்க்கால், சாலை, விளைநிலம் எல்லாம் ஒன்றாகத் தெரியும் ஒரே அளவிலான வரைபடமும், எல்லா ஊர்களிலும் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டங்களும். கடைசித் தவணைதான் பெரியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மன்றமும் தீர்மானம் போட்டு, தன் கட்டட விதிகளையும் நில வகைப்பாட்டையும் கூட்டுத் திட்டத்துக்கு ஏற்ப மாற்றிய பிறகே அதை விடுவிக்க வேண்டும். ஒரு மன்றம் மாற்றாமல் விட்டாலும் அந்தத் தவணை நிற்கட்டும். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் இந்த நிபந்தனை இல்லாவிட்டால், தேர்தலுக்குப் பிறகு வரும் புதிய மன்றம் கூட்டுத் திட்டத்தை ஓரங்கட்டிவிடும்.

இப்படிப் பணத்தை நிபந்தனையோடு கொடுப்பது புதிதல்ல. சுவிட்சர்லாந்தில் நகரமும் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்து ஒரு திட்டத்தை அனுப்புகின்றன. போக்குவரத்தையும் குடியிருப்பு வளர்ச்சியையும் அது எவ்வளவு நன்றாக இணைக்கிறது என்று மத்திய அரசு மதிப்பிட்டு, போக்குவரத்துப் பணிகளின் செலவில் 30 முதல் 50 சதவீதம் வரை ஏற்கிறது. மதிப்பீட்டைப் பொறுத்துப் பங்கு கூடும், குறையும். நன்றாகத் திட்டமிட்டால் கையில் அதிகப் பணம் என்பது எந்த மேயருக்கும் புரியும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2,500-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் உள்ளன. சட்டப்படியான எந்த நிலப் பயன்பாட்டையும் ஒரு உள்ளாட்சி தன் எல்லைக்குள் முழுவதுமாகத் தடுத்துவிடக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் கல்குவாரிக்கும் அடுக்குமாடிக்கும் ஒவ்வொரு சிற்றூரும் தனித்தனியாக இடம் காட்ட வேண்டியிருந்தது. 2000-இல் வந்த சட்டத் திருத்தம், பல உள்ளாட்சிகள் சேர்ந்து திட்டமிட்டால் அந்தக் கடமையை மொத்தப் பரப்புக்கும் சேர்த்து நிறைவேற்றலாம் என்றது. விளைநிலம் மிகுந்த ஊர் விளைநிலமாகவே இருக்க அது வழிவிட்டது.

ஆனால் வரியைத் தொடாமல் இது முழுமையாகாது. தொழிற்சாலையும் வணிக வளாகமும் எந்த எல்லைக்குள் வருகிறதோ, சொத்து வரி முழுவதும் அங்கேதான் சேரும் என்றால், எந்த மன்றம்தான் “உங்கள் பக்கமே வரட்டும்” என்று விட்டுக்கொடுக்கும்? அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1971-இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களைச் சுற்றியுள்ள ஏழு கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை), அந்த ஆண்டுக்குப் பிறகு வணிக, தொழில் சொத்துகளின் வரிக்குரிய மதிப்பில் ஏற்பட்ட வளர்ச்சியில் 40 சதவீதம் பொதுத் தொகுப்புக்குப் போய், எல்லா ஊர்களுக்கும் பிரிகிறது. உங்கள் மானிய விதியில் வருவாய்ப் பகிர்வு ஒப்பந்தத்துக்குக் கூடுதல் மதிப்பெண் வையுங்கள். இதுதான் கடினமான பகுதி. இங்கேதான் கூட்டுகள் உடையும்.

தன்னாட்சி பறிபோகும் என்ற அச்சம் நியாயமானது, குறிப்பாகப் பெருநகரத்தின் பக்கத்தில் இருக்கும் சிற்றூர்களுக்கு. கம்யூன் எனப்படும் அடிமட்ட உள்ளாட்சிகள் சுமார் 35,000 உள்ள பிரான்ஸ், 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடலை அவற்றின் கூட்டமைப்புகளுக்கு மாற்றியபோது ஒரு தடுப்பும் வைத்தது. மக்கள்தொகையில் குறைந்தது 20 சதவீதத்தைக் கொண்ட 25 சதவீதக் கம்யூன்கள் எதிர்த்தால் அதிகாரம் மாறாது. இதுபோன்ற பாதுகாப்பு விதியைச் சிறிய மன்றங்களுக்கு முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்தியாவில் அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தம், மாவட்டத் திட்டக் குழு ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களை, இடஞ்சார்ந்த திட்டமிடலையும் நீர்ப் பகிர்வையும் பெயர் சொல்லியே, கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. குழு உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினராவது தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். பதினைந்தாவது நிதி ஆணையம் நகராட்சிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் சேவைகளுக்கு 450 கோடி ரூபாய் ஒதுக்கிப் பரிந்துரைத்தது. அதே மனதோடு நிலத் திட்டமிடலுக்கும் ஒரு தொகை ஒதுக்கலாம்.

விதிகளை இறுதி செய்யும் முன் வரைவை மூன்று மாதங்களாவது பொதுப் பார்வைக்கு வையுங்கள். சொந்தப் பணியாளர் இல்லாத ஊராட்சிகளுக்கு விண்ணப்பம் தயாரிக்கவே ஒரு சிறு முன்பணம் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆள்பலமுள்ள மாநகராட்சிகளே வரிசையில் முதலில் நிற்கும்.

இப்படிக்கு,
இந்த வரைபடங்களைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு குடிமகன்