அப்பாவுக்கு: வரிக் கணக்கை நானே எழுதுகிறேன்

எடிசன், நியூ ஜெர்சி
15-2-2026

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்கள், அம்மா, ஆயா எல்லோரும் நலமா? ஆயாவின் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? எழுதுங்கள்.

போன ஞாயிறு பேசும்போது, "வருமான வரிக்கு அங்க ஆடிட்டர் யாரும்மா, எவ்வளவு வாங்குறார்?" என்று கேட்டீர்கள். "யாரும் இல்லப்பா, நானே கம்ப்யூட்டர்ல போட்டுடுறேன்" என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் சரியாகப் பேசவில்லை. அயல்நாட்டில், அதுவும் வரி விஷயத்தில், பெண் தெரியாமல் எதிலாவது கையெழுத்துப் போட்டுவிடப் போகிறாளே என்ற கவலை உங்களுக்கு. போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உங்களிடம் ஒரு வேலையும் ஆக வேண்டியிருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

இங்கே வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஜனவரி 31க்குள், வருடச் சம்பளமும் அதில் பிடித்த வரியும் எழுதிய டபிள்யூ-2 என்று ஒரு தாள் கொடுத்துவிட வேண்டும், நம் ஊர் ஃபார்ம் 16 மாதிரி. வங்கி தந்த வட்டிக்கு 1099 என்று இன்னொரு தாள் வரும். இதே தாள்களின் நகல் வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கும் போய்விடும். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எண்களைத்தான் 1040 என்ற படிவத்தில் நாம் மறுபடி எழுதித் தருகிறோம். நம் ஊர் போர்ட்டலில் சம்பளம், வட்டி எல்லாம் முன்கூட்டியே நிரம்பி நிற்குமே, அந்த வசதி இங்கே இல்லை. கடைசி நாள் ஏப்ரல் 15. கேட்டால் அக்டோபர் 15 வரை அவகாசம் கொடுப்பார்கள், ஆனால் அது படிவத்துக்கு மட்டும்தான். கட்ட வேண்டிய பணம் ஏப்ரலிலேயே போய்ச் சேர வேண்டும்.

ஜனவரி பிறந்தால் இங்கே கடைத்தெருவே மாறிவிடும். வரி போட்டுத் தருகிறோம் என்று புதிதாகக் கடைகள் முளைக்கும். இந்தக் குளிரில், சுதந்திர தேவி மாதிரி பச்சை அங்கியும் கிரீடமும் போட்டுக்கொண்டு சாலை ஓரத்தில் நின்று போர்டு ஆட்டுகிறவர்களைக் கூடப் பார்க்கலாம். நம்மவர்கள் நடத்தும் அலுவலகங்களிலிருந்தும் விடாமல் போன் வரும். சாதாரணச் சம்பளக்காரர் கணக்குக்கு இங்கே இருநூறு, முன்னூறு டாலர் கேட்கிறார்கள். அந்தப் பணம்கூட எனக்குப் பெரிதில்லை அப்பா. நியூ ஜெர்சியில் காசு வாங்கிக்கொண்டு வரிப் படிவம் போட்டுத் தர எந்தத் தேர்வும் எழுத வேண்டாம். ஐ.ஆர்.எஸ்.ஸிடம் பி-டின் என்று ஓர் எண் வாங்கினால் போதும். சி.பி.ஏ. (நம் ஊர் சி.ஏ. மாதிரி), என்ரோல்டு ஏஜென்ட் (ஐ.ஆர்.எஸ். அங்கீகரித்த வரி ஆலோசகர்) என்று படித்துத் தேர்வு எழுதியவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வேறு ரகம். ஆனால் வெளியில் தொங்கும் போர்டைப் பார்த்து இந்த வித்தியாசம் தெரியாது.

என்னோடு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவளுக்குச் சம்பளத்தைத் தவிர வேறு வருமானமே கிடையாது. படிவம் போட்டுக் கொடுத்தவர், ரீஃபண்டைக் கூட்டிக் காட்டுவதற்காக, அவள் சொந்தத் தொழில் நடத்தி நஷ்டப்பட்டாள் என்று, தொழில் கணக்குக்கான ஷெட்யூல் சி என்ற தாளில் எழுதிவிட்டார். இவள் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். கொஞ்ச காலம் கழித்து வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது. வாங்கிய பணத்தை வட்டியோடும் அபராதத்தோடும் திருப்பிக் கட்டினாள். அந்த ஆளை அதற்குப் பிறகு பார்க்கவே முடியவில்லை. யார் எழுதிக் கொடுத்தாலும் படிவத்துக்குப் பொறுப்பு வரி கட்டுகிறவருடையதுதான். பொய் சொன்னால் தண்டனை உண்டென்று அறிந்தே, இதில் உள்ளதெல்லாம் உண்மை என்கிறேன் என்ற வாசகத்துக்குக் கீழேதான் கையெழுத்துப் போடுகிறோம். அவள் அழுததைப் பார்த்தபோது எனக்கு மனசே ஆறவில்லை.

பண்ருட்டி மண்டியில் நீங்கள் பேரேடு எழுதிய காலத்தில் எங்களிடம் ஒன்று சொல்வீர்கள்: கூட்டுத்தொகை சரியாக வந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். நான் இங்கே செய்வது அதைத்தான்.

எப்படிச் செய்கிறேன் என்று கேட்பீர்கள். டர்போடாக்ஸ், ஃப்ரீடாக்ஸ்யுஎஸ்ஏ, எச் அண்ட் ஆர் பிளாக் என்று பல மென்பொருள்கள் இருக்கின்றன. படிவத்தை நம் முன்னால் நீட்டாமல் கேள்வி கேள்வியாகக் கேட்கும். கல்யாணம் ஆனதா, குழந்தை பிறந்ததா, வீடு மாறினீர்களா, வேலை மாறினீர்களா என்று ஆரம்பிக்கும். பிறகு டபிள்யூ-2இல் உள்ள கட்டங்களை ஒவ்வொன்றாக அடிக்கச் சொல்லும். திரையின் மேல் மூலையில் ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். என் சம்பளத்தை மட்டும் அடித்ததும் பெரிய ரீஃபண்ட் வருகிற மாதிரி காட்டும். உங்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தையும் சேர்த்ததும் சர்ரென்று இறங்கும். வட்டியைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். எந்த வருமானம் எவ்வளவு வரியை இழுத்துக்கொண்டு வருகிறது என்பது அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. வேறொருவர் முடித்துக் கொடுத்த படிவத்தில் கடைசி எண் மட்டும்தான் தெரியும்.

டபிள்யூ-2இல் கட்டம் 1இல் ஒரு சம்பளமும் கட்டம் 16இல் அதைவிட அதிகமாக இன்னொரு சம்பளமும் இருக்கும். முதலில் பார்ப்பவர்கள் அச்சுப் பிழை என்றுதான் நினைப்பார்கள். 1 மத்திய அரசுக்கு, 16 மாநிலத்துக்கு. சம்பளத்திலிருந்து பிடிக்கும் மருத்துவக் காப்பீட்டுப் பணத்துக்கு மத்திய அரசு வரி கேட்பதில்லை, நியூ ஜெர்சி கேட்கிறது. அதனால்தான் இரண்டு எண். இதைத் தேடிப் படித்த அன்றைக்குத்தான் என் சம்பளச் சீட்டே எனக்கு முழுசாகப் புரிந்தது. இன்னொன்று, வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, கொடுத்த வாடகையில் 18 சதவீதத்தைச் சொத்துவரி கட்டியதாக இந்த மாநிலம் எடுத்துக்கொள்ளும். மாநிலப் படிவத்தில் அதற்கு ஒரு கழிவு உண்டு. மென்பொருள் அந்தக் கேள்வியைக் கேட்கும். அவசரத்தில் தாண்டிப் போகிறவர்களுக்கு அது கிடைக்காது.

மத்திய வரியில், நம் ஊர் மாதிரி 80சி சேமிப்பு, வாடகை ரசீது என்று துண்டு துண்டாகச் சேர்க்கும் அலைச்சல் எங்களுக்கு இல்லை. 2025ஆம் வருடத்துக்குக் கணவன் மனைவி சேர்ந்து போட்டால் வருமானத்திலிருந்து 31,500 டாலரை எந்தக் கேள்வியும் இல்லாமல் கழித்துவிடுகிறார்கள். பத்தில் ஒன்பது குடும்பங்கள் அதைத்தான் எடுத்துக்கொள்கின்றன. பாப்பாவுக்காக 2,200 டாலர் வரியிலேயே குறைகிறது. இவ்வளவுதான் எங்கள் கணக்கு. இதற்கு ஒருவரிடம் போய் உட்கார என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

மாசா மாசம் உங்களுக்கு அனுப்புகிற பணத்துக்கு இங்கே கழிவு உண்டா என்று மாமா கேட்டாராம். கிடையாது. பெற்றோர் இந்தியாவில் இருந்தால் அவர்களைச் சார்ந்திருப்போர் என்று படிவத்தில் காட்டவும் முடியாது. அது எனக்கு வருத்தம்தான், ஆனாலும் சட்டம் அப்படி. ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு இந்த ஜனவரியிலிருந்து 1 சதவீத வரி என்று பேப்பரில் படித்துவிட்டுப் பதறினீர்களே, அது ரொக்கமாகவோ மணியார்டர் மாதிரியோ கொடுத்து அனுப்புகிறவர்களுக்கு. நாங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புகிறோம், எங்களுக்கு அது இல்லை. அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

மென்பொருள் தானாகச் சொல்லித் தராத இடம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் உங்கள் உதவி வேண்டும். வெளிநாட்டில் வங்கிக் கணக்கு உண்டா என்று போகிற போக்கில் ஒரு கேள்வி வரும். நிறையப் பேர் 'இல்லை' என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நம்மவர்களில் யாருக்கு ஊரில் கணக்கு இல்லை? வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று வங்கி வைத்திருக்கும் என்.ஆர்.இ. கணக்கில் நாங்கள் போட்ட டெபாசிட்டின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, ஆனால் இங்கே உண்டு. அதைச் சேர்த்தே ஆக வேண்டும். அது போக, வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றிலும் சேர்த்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், இப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 9 லட்சம் ரூபாய், எஃப்பார் என்று தனி அறிக்கை கொடுக்க வேண்டும். அது வரிப் படிவத்தோடு போகாது. ஃபின்சென் என்ற வேறு துறையின் தளத்தில் நாமே இலவசமாகப் போடலாம். அதில் வரி எதுவும் கட்ட வேண்டியதில்லை, விவரம் மட்டும்தான். கொடுக்காமல் விட்டால்தான் பெரிய அபராதம்.

நீங்கள் உங்கள் பெயரோடு என் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கும் டெபாசிட்டும் இதில் வரும். பயப்படாதீர்கள். பணம் உங்களுடையது, வட்டியும் உங்களுடையது, அதற்கு வரி கட்டுகிறவரும் நீங்கள்தான். கணக்கில் என் பெயர் இருப்பதால் நான் அதைத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் உழைப்பின் காசு, அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு எதற்கு?

எல்லாவற்றையும் நானே செய்துவிடுவேன் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் வந்த முதல் வருடம் பாதி அங்கே, பாதி இங்கே என்று இருந்ததால், என்ரோல்டு ஏஜென்ட் ஒருவரிடம்தான் கொடுத்தோம். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அவரும் சலிக்காமல் சொன்னார். அந்தக் கட்டணம் நியாயமான கட்டணம். மாப்பிள்ளை பெயரில் ஊரில் மியூச்சுவல் ஃபண்ட் வாங்கலாம் என்று தம்பி சொன்னபோது நான் வேண்டாம் என்றதற்கும் இதுதான் காரணம். இந்திய ஃபண்டுகளுக்கு 8621 என்று ஒரு படிவம் உண்டு. அதை நிரப்புவது லேசான காரியம் இல்லை. செம்மண்டலம் மனையை என்றைக்காவது விற்றால் அந்த வருடமும் விவரம் தெரிந்தவரிடம்தான் போவேன்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். நான் போடும் மென்பொருளில் மத்தியப் படிவம் இலவசம், மாநிலத்துக்குச் சுமார் 15 டாலர். இலவசம் என்று சொல்வதையெல்லாம் நம்பிவிடவும் கூடாது. அப்படி விளம்பரம் செய்து ஏழைகளிடம் காசு வாங்கியதாக வந்த புகாரில், டர்போடாக்ஸை நடத்தும் இன்ட்யூட் நிறுவனம் 2022இல் 50 மாநிலங்களோடும் சமரசம் செய்துகொண்டு 14 கோடியே 10 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. டைரக்ட் ஃபைல் என்று அரசாங்கமே ஓர் இலவசத் தளம் 2024இல் 12 மாநிலங்களில் தொடங்கி, 2025இல் எங்கள் மாநிலத்தையும் சேர்த்து 25 மாநிலங்களுக்குக் கொண்டுவந்தது. இந்த வருடம் அதை நிறுத்திவிட்டார்கள். சாதாரண ஜனங்களுக்காக வந்த நல்ல காரியம் அது, நிறுத்தியிருக்கக் கூடாது.

படிவத்தை அனுப்பும்போது, நாம்தான் என்று காட்ட, போன வருடப் படிவத்தின் 11ஆம் வரியில் இருக்கும் தொகையைக் கேட்பார்கள். நகல் கையில் இல்லாதவர்கள் அங்கே நின்றுவிடுவார்கள். என் நகல்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கின்றன, நீங்கள் பழைய சிட்டாக்களை வருட வாரியாகக் கட்டி வைப்பீர்களே, அந்தப் பழக்கம்.

உங்கள் ரிட்டனைத் திருப்பாதிரிப்புலியூர் ஆபீசில்தான் போடுகிறீர்கள், போடுங்கள். ஆனால் போர்ட்டலில் இருக்கும் போன் நம்பரும் மெயிலும் உங்களுடையதா என்று பாருங்கள். பல இடங்களில் அவர்கள் நம்பரையே போட்டு வைத்திருப்பார்கள். உங்களுக்கு வர வேண்டிய நோட்டீஸ் அவர்களுக்குப் போகும். பாஸ்வேர்டை வாங்கி, தம்பியை விட்டு மாற்றச் சொல்லுங்கள். படிவம் போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி.யால் உறுதி செய்யவும் வேண்டும். அந்த ஓ.டி.பி. உங்கள் கைக்கு வரட்டும். தம்பிக்கும் இந்த வருடம் முதல் ரிட்டன். ஜூலையில் அவனையே போடச் சொல்லுங்கள், நான் வீடியோ காலில் கூட இருக்கிறேன்.

இனி உங்கள் வேலை. மஞ்சக்குப்பம் வங்கிக்குப் போகும்போது, நம் ஜாயின்ட் டெபாசிட்டுக்கும் என் பெயரில் உள்ள இரண்டு கணக்குகளுக்கும் 1-1-2025 முதல் 31-12-2025 வரை ஸ்டேட்மென்ட்டும் வட்டிச் சான்றும் கேளுங்கள். அவர்கள் வழக்கம்போல ஏப்ரல்-மார்ச் எடுத்துத் தருவார்கள், அது எனக்கு உதவாது. தேதியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடைசி இருப்பு மட்டும் போதாது, வருடத்தில் எந்த நாளில் அதிகமாக இருந்தது என்று தெரிய வேண்டும், அதனால் ஸ்டேட்மென்ட் முழுசாக வேண்டும். மாசி மகத்துக்கு முன்னால் போய்விடுங்கள், அன்றைக்குத் தேவனாம்பட்டினம் பக்கம் கூட்டத்தில் பஸ் நகராது. தம்பியிடம் கொடுத்து ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். போட்டோ எடுத்தால் எண்கள் மங்கிவிடுகின்றன. மார்ச் கடைசிக்குள் வந்தால் போதும், வெயிலில் அலைய வேண்டாம்.

அம்மாவுக்கும் ஆயாவுக்கும் என் அன்பு. பாப்பா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்